மூன்று எழுத்துப் பெட்டி

1

இந்தக் கதை பிறந்தது ஒரு பிழைச் செய்தியிலிருந்து. பாஸ்க் துறைமுக ஊரான பெர்மியோவின் நூலகத்தில் எனக்கும் எதுர்னேக்கும் அடுத்தடுத்த மேசை. திங்கள்தோறும் அவள் கணினியில் அதே சிவப்பு வரி வரும்: மொழிக் குறியீடு செல்லாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: துறைமுகத்தில் அன்று மழை பெய்து—

(இங்கே என்றைக்குத்தான் பெய்யவில்லை? அடித்துவிட்டேன்.)

2

கொஞ்சம் கட்டுரை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகத்தைப் பதியும்போது அதன் மொழிக்கான மூன்றெழுத்துக் குறியீட்டைக் கணினியில் ஒரு பெட்டியில் தட்ட வேண்டும். இத்தாலிய மொழிக்கு ita. எந்தப் பட்டியலில் பார்த்தாலும் அதுதான். எங்கள் பாஸ்க் மொழிக்கோ இரண்டு. நூலகப் பட்டியலில் உள்ள baq, அடுத்தவர்கள் எங்களை அழைக்கும் பெயரிலிருந்து வந்தது. eus, நாங்களே சொல்லும் எவுஸ்காராவிலிருந்து. எங்கள் கணினிக்கு முதலாவதுதான் தெரியும். இரண்டாவதையும் ஏற்கச் சொல்லி எதுர்னே ஒன்பது வருடமாக மனு எழுதுகிறாள்.

மற்ற பாஸ்க் புத்தகங்களுக்கு முணுமுணுத்துக்கொண்டே baq போடுவாள். ஒரே ஒரு நோட்டுக்கு மட்டும் eus. வீம்பு என்று நினைத்தேன். முதல் வரைவில் அவளைப் பிடிவாதக்காரியாகவே எழுதிவைத்தேன்.

3

நெத்திலி உப்பிட சிசிலியிலிருந்து வந்த கார்மெலோவும், அவரைக் கட்டிக்கொண்ட உள்ளூர் கசில்டாவும் சேர்ந்து எழுதிய நோட்டு அது. அவர் பாஸ்கில், அவள் இத்தாலியத்தில். ஒருவர் மொழியை மற்றவர் தப்பும் தவறுமாக எழுதிப் பழகியிருக்கிறார்கள். (ஒரு காதல் காட்சி எழுதிப் பார்த்தேன். நோட்டில் இருப்பதோ விறகு யார் வாங்குவது என்ற சண்டை.)

வீட்டு ஈரத்துக்குப் பயந்து நூலகத்துக்குக் கொடுத்தவர் அவர்கள் மகள் ரொசாலியா. வயது எண்பத்து நான்கு. தினமும் பதினொரு மணிக்கு வந்து ஒரு பக்கம் படிப்பார். ஏன் ஒன்றே ஒன்று என்று கேட்டேன்.

"முழுசாப் படிச்சிட்டா அப்புறம் அவங்க ரெண்டு பேரும் பேச மாட்டாங்களேப்பா."

4

"பாதி இத்தாலியம்தானே, ita போட்டுத் தொலைக்கலாமே" என்றேன் எதுர்னேயிடம்.

"போடலாம். உடனே ஏத்துக்கும். பதிவான கையெழுத்து நோட்டெல்லாம் பில்பாவோ கிடங்குக்குப் போயிடும். அந்த முட்டி வலிய வச்சிக்கிட்டு ரொசாலியா ரயில் ஏறுவாங்களா?"

பெட்டியைக் காலியாக விட்டால் மேலிடம் கேள்வி கேட்கும். கணினி தள்ளினால் பழி கணினிக்கு. தள்ளும் என்று தெரிந்தேதான் eus போட்டிருக்கிறாள்; பதிவாகாதவரை நோட்டு இங்கேயே இருக்கும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வரைவைக் கிழித்தேன்.

5

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. மனு ஏற்கப்பட்டது, திங்கள் முதல் eus செல்லும். எதுர்னே அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். கிடங்கு விஷயம் தெரியாத ரொசாலியாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

"அப்போ ஒழுங்கா நம்ம பேரையே போட்டுடு, எதுர்னே. அந்த மொழியக் கத்துக்க எங்கப்பா பட்ட பாடு கொஞ்சமா?"

எதுர்னே சரி என்று சொல்லிவிட்டாள்.

6

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் எதுர்னே வேண்டுமென்றே ஏதோ மூன்று எழுத்தைத் தட்டுகிறாள். அப்போது ரொசாலியாவிடம் பொய் சொன்னவளாகிறாள். இன்னொன்றில் உண்மையைச் சொல்கிறாள், ரொசாலியா— வேண்டாம். மூன்றாவதில் ஜன்னலோர மேசை காலியாக இருக்கிறது; அதை எழுதியிருக்கவே கூடாது.

இன்று திங்கள். பெட்டி இதோ: [      ]

எதுர்னே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். நீங்கள் உட்காருங்கள். ஜன்னலோர மேசையில் ரொசாலியா லென்சை நகர்த்திக்கொண்டிருக்கிறார். இன்னும் முப்பத்தொரு பக்கம் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் தட்டுங்கள். அவர் இன்றைய பக்கத்தை முடிக்கும்வரையாவது பொறுங்கள்.