கீறல் எடுக்கும் தனகோடி

1997ஆம் ஆண்டு சித்திரையில் பூஞ்சேரி கூட்டுரோட்டிலிருந்து செங்கல்பட்டுக்குப் போன ஒரு கறுப்பு அம்பாசடர், ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் மூன்று நாள் தன் கதவுகளில் சவுக்குத் தோப்பையே காட்டிக்கொண்டிருந்தது. கோர்ட் வாசலில் நின்றபோதும் தோப்பு, ஏரிக்கரையில் நின்றபோதும் தோப்பு. நான்காம் நாள் அது மங்கி, எதிரே இருந்த டீக்கடை தெரிந்தது. வண்டிக்காரர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தனகோடி தன் பட்டறையில் கீறல் எடுத்து முடித்ததும் கறுப்பு பெயிண்ட் முதலில் எதைப் பார்க்கிறதோ அதைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளும் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வேலை எவ்வளவு ஆழமோ அவ்வளவு நாள்.

செய்யூர்ப் பக்கத்துப் பெண். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் பதினோரு வருடம் கருங்கல்லுக்கு மெஷினால் பாலிஷ் போட்டவள். கல்தூள் நெஞ்சைப் பிடித்ததும் வேகம் குறைந்த மெஷின் ஒன்று வாங்கி, ஸ்பாஞ்சு வட்டு மாட்டி, அப்பா விட்டுப்போன மூன்று சென்ட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டுக் கார்களுக்கு மாறினாள். கடலோரத்தில் கறுப்பு வண்டிகள் படும் பாடு தனி. டிரைவர்கள் காலையில் உலர்ந்த துண்டால் வட்டம் வட்டமாகத் துடைப்பார்கள். காற்றில் வந்த மணல் துண்டுக்கடியில் அரைபடும். ஆயுத பூஜைக்கு அந்த மணலின் மேலேயே விபூதியைக் குழைத்து மூன்று விரலால் பட்டை இழுத்து, மறுநாள் அதையும் உலர்ந்த துணியால் எடுப்பார்கள். நிழலில் ஒன்றும் தெரியாது. வெயிலில் நிறுத்தினால், பெயிண்டுக்குள் தெரியும் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டியதுபோல ஆயிரம் கீறல்கள். தனகோடி வண்டியைக் கழுவி, விளிம்புகளுக்கு டேப் ஒட்டி, ஒரு கைக்குட்டை அளவு இடமாக எடுத்துக்கொண்டு, மெஷினை முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே ஓட்டுவாள். ஓரிடத்தில் நின்றால் பெயிண்ட் கருகிவிடும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வண்டியை வெயிலுக்குத் தள்ளி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது யாரும் பேசக் கூடாது.

2002இல் பக்தவத்சலம் என்ற ரியல் எஸ்டேட்காரர் அந்தப் பக்கத்தில் மனை போட்டார். தனகோடியின் மூன்று சென்ட்டும் அவருடைய வரைபடத்துக்குள் வந்தது. அதற்கு அவர் ஒரு பத்திரம் வைத்திருந்தார். தனகோடியின் அப்பா, இறந்து ஆறு வருடம் கழித்து, அதில் கைநாட்டு வைத்திருந்தார். ஊரில் இதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. பட்டறையை இடிக்க ஒரு திங்கட்கிழமை குறிக்கப்பட்டது. அதற்கு நான்கு நாள் முன்னால், மனை திறப்பு பூஜைக்குப் பளபளப்பாக வேண்டும் என்று பக்தவத்சலம் தன் கறுப்புக் காரை அவளிடமே அனுப்பினார். அந்தக் கடற்கரையில் இந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை.

வண்டியைக் கொண்டுவந்த டிரைவர் முனிசாமிக்கு வெட்கமாக இருந்தது. "இன்னாக்கா, இந்தாளு வண்டிக்குமா வேல பாக்கப் போற?"

"வண்டி இன்னாடா பாவம் பண்ணிச்சி? சாவிய வெச்சிட்டுப் போ."

வழக்கமாக இரண்டு முறை ஓட்டுகிறவள், ஏழு முறை ஓட்டினாள். இடது பக்கம் பட்டறையைப் பார்க்கும்படி நிறுத்தி, அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். திங்கள் காலை பொக்லைன் வந்து நின்றபோது பின்கதவின் கடைசிக் கட்டத்தைத் துடைத்து முடித்தாள். மெஷினை உள்ளே வைத்து, ஷட்டரை இறக்கி, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இருபது நிமிடத்தில் பட்டறை தரைமட்டமானது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கார்க் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனை வாங்க வந்தவர்கள் காலி இடத்தைப் பார்த்தார்கள், பிறகு காரைப் பார்த்தார்கள். இடது கதவுகள் இரண்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் நீல ஷட்டரும் பூட்டும் தெளிவாக நின்றன. பத்து நாள் போனது, ஒரு மாதம் போனது, மங்கவில்லை. எஜமான் சொன்னபடி முனிசாமி மணலைத் தூவி உலர்ந்த துண்டால் தேய்த்தான். ஒரு கீறல்கூட விழவில்லை. வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். மதியத்துக்குள் அது பாலாடைபோல வழிந்து இறங்கிவிட்டது. கடைசியில் பக்தவத்சலமே அவள் வீட்டுக்கு வந்தார்.

"இன்னா வேணுமோ கேளு. பழையபடி கீறலாக்கிக் குடுத்துடு."

"எடுக்கத்தான் தெரியும் நைனா. கீறல் போடறது ஒன் வேல."

"எடமே இல்லாதவளுக்கு இவ்ளோ திமிரா?"

"இல்லன்னு நீ சொல்ற. கீதுன்னு ஒன் வண்டி சொல்லுது. மொதல்ல அத்தோட பேசி முடிச்சிட்டு வா."

போகும் இடமெல்லாம் பட்டறையைச் சுமந்து திரிய அவரால் முடியவில்லை. காரை அந்த மனையிலேயே நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனார். அடுத்த திங்கட்கிழமை தனகோடி தார்ப்பாயை இழுத்துப் போட்டாள். கதவுக்கு முன்னால் குந்தி, இடுப்புச் சாவியால் அதில் தெரிந்த பூட்டைத் திறந்து, ஷட்டரை ஏற்றினாள். அந்தச் சத்தம் கூட்டுரோடு வரை கேட்டது. தலையைக் குனிந்து உள்ளே போனாள். ஒன்பது மணிக்கு மெஷின் ஓடியது. கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த கறுப்பு கான்டெஸாக்காரர், விசாரித்துவிட்டு, வண்டியைக் கதவுக்கு எதிரே நிறுத்தினார். கதவுக்குள் தெரிந்த கான்டெஸாவுக்கு அவள் கீறல் எடுக்க எடுக்க, வெளியே நின்ற கான்டெஸாவிலும் கீறல் போனது. பக்தவத்சலம் கொடுத்த புகாரின் பேரில் வந்த இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். மனைக்குள் அத்துமீறி நுழைந்ததாகப் புகார். மனையில் யாரும் இல்லை. அப்படியே எழுதிவிட்டுப் போனார். மனைகள் விற்கவில்லை.

2005இல் கடைகளையும் தொழிற்கூடங்களையும் கணக்கெடுக்க செங்கல்வராயன் என்ற ஊழியர் சைக்கிளில் வந்தார். கதவின் முன் குந்தி, எண் போடச் சாக்பீஸை எடுத்தார்.

"சாக்பீஸ் வெச்ச, கைய ஒடிச்சிடுவேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் சாக்பீஸைப் பைக்குள் போட்டுவிட்டுப் படிவத்தை எடுத்தார். பெயர், தொழில், வேலை செய்பவர் எத்தனை பேர் என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். "கட்டடம் தற்காலிகமாம்மா, நிரந்தரமா?"

மெஷின் நின்றது.

"நிரந்தரம்னு போடு."

செங்கல்வராயன் அப்படியே எழுதிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி அடுத்த இளநீர்க் கடைக்குப் போனார்.