முழங்கால் வலியை யார் சொன்னது

ரஞ்சிதத்தின் முழங்கால் வலி இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள், இன்னொருத்தி கூட வேலை செய்யும் தோழி ரபியா. வீட்டுக்காரர் அழகர்சாமியிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிடு என்று பிடிவாதம் பிடிப்பார். சிங்கப்பூரின் செனோக்கோ பகுதியில் இருந்த அந்தத் தோசை மாவுத் தொழிற்சாலையில் அவள் லைன் லீடர், ஒரு வரிசை ஆட்களுக்கு மேற்பார்வையாளர். லைன் லீடர் நொண்டுகிறாள் என்று தெரிந்தால் அடுத்த ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்பது அவள் பயம்.

அதனால்தான் அன்று காலை இம்ரான் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அக்கா, கால் வலி எப்படி இருக்கு? முடியலைன்னா சொல்லுங்க. உட்கார்ந்து செய்ற வேலையா மாத்திடலாம்.”

இம்ரான் முதலாளி ஜாஃபரின் மருமகன். லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருந்த ஜாஃபர் அதே சாமர்த்தியத்தில் மாவுத் தொழிற்சாலையையும் நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கு உடம்பு முடியாமல் போனதும் பொறுப்பு இவன் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் தொழிற்சாலையை ‘ஸ்மார்ட்’ ஆக்கப்போவதாகச் சொன்னான். அரவை இயந்திரங்களின் முதுகில் தீப்பெட்டி போல சென்சார்கள் ஒட்டப்பட்டன. மாவுத் தொட்டிக்குள் சூட்டையும் புளிப்பையும் அளக்கும் குச்சிகள் இறங்கின. குளிர் அறைக் கதவிலும் ஒன்று. வேலை செய்பவர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு டேக். யாராவது இயந்திரத்தை மிகவும் நெருங்கினால் அது தானாக நின்றுவிடுமாம். எல்லாச் செய்தியும் இம்ரான் அறையில் இருந்த பெரிய திரையில் போய் விழுந்தது.

“எனக்கென்ன தம்பி, நல்லாத்தானே நடக்கிறேன்,” என்று சிரித்துச் சமாளித்தாள் ரஞ்சிதம். ஆனால் அன்றைக்கு அவள் மனம் வேலையில் இல்லை.

டேக் வந்த புதிதில் அது ஒட்டுக்கேட்கும் என்று எல்லாருமே பயந்தார்கள். சென்சார் கம்பெனியிலிருந்து வந்த சிவானி என்ற பெண் ஒரு டேக்கைப் பிரித்தே காட்டினாள். “இதுல மைக் கிடையாது ஆன்ட்டி, கேமராவும் கிடையாது. பாருங்க, சிப்பும் பேட்டரியும்தான்.” ரஞ்சிதம் அதை நம்பினாள். நம்பியதுதான் வினையாகப் போனது. பெட்டிக்குக் காது இல்லையென்றால் சொன்னது மனிதர்தானே? மனிதர் என்றால் ரபியாவைத் தவிர வேறு யார்?

அதற்கப்புறம் ரபியா என்ன செய்தாலும் அதில் ஓர் உள்நோக்கம் தெரிந்தது. இம்ரானின் அறையிலிருந்து அவள் சிரித்தபடி வெளியே வந்தாள். எதற்குச் சிரிப்பு? கேன்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இன்னைக்கு கால் எப்படி ரஞ்சி? தைலம் போட்டியா?” என்று கேட்டாள். எதற்கு இத்தனை விசாரணை? பேக்கிங் பகுதியில் புதிய இயந்திரத்தைப் பழக ரபியாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ரஞ்சிதம் இரண்டையும் இரண்டையும் கூட்டி நாலாக்கிக்கொண்டாள்.

“என்ன லா, பேசவே மாட்டேங்கிற? கோவமா?” என்று ரபியா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“வேலை நேரத்துல என்ன பேச்சு,” என்று ரஞ்சிதம் நகர்ந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் குளிர் அறை விவகாரம் கிளம்பியது. மதியங்களில் கதவு அடிக்கடி திறந்தே கிடப்பதாகவும், உள்ளே சூடு ஏறுவதாகவும் சென்சார் காட்டிக்கொண்டே இருந்தது. ஒருமுறை மாவு பொங்கி, அடுக்கி வைத்த பாக்கெட்டுகள் பந்துபோல உப்பிவிட்டன. எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று. இம்ரான் ரஞ்சிதத்தை அறைக்குக் கூப்பிட்டான்.

“கதவு எப்பத் திறக்குதுன்னு தெரியுது அக்கா, யார் திறக்கிறாங்கன்னு தெரியல. உங்களுக்குத் தெரியுமா?”

ரஞ்சிதத்துக்குத் தெரியும். மாதவிலக்கு நிற்கும் வயது ரபியாவுக்கு. திடீரென்று உடம்பெல்லாம் நெருப்புப் பற்றியதுபோல் ஆகிவிடும். முகம் சிவந்து வியர்வை கொட்டும். அப்போது ஓடிப்போய்க் குளிர் அறைக் கதவைத் திறந்து, வாசலிலேயே கண்ணை மூடி நிற்பாள். எத்தனையோ முறை ரஞ்சிதமே யாரும் வருகிறார்களா என்று காவல் நின்றிருக்கிறாள். இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

“ரபியாகிட்ட கேட்டுப் பாருங்க தம்பி,” என்றாள் ரஞ்சிதம்.

சொல்லி முடித்தபோது அவளுக்கு ஒரு கணம் திருப்தியாகக்கூட இருந்தது. அந்த வாரக் கடைசியிலேயே ரபியாவை லிட்டில் இந்தியா கடைக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். ரஞ்சிதத்தின் கையையும் பிடித்தாள். ரஞ்சிதம் கையை விடுவித்துக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து டேக்குகளுக்கு பேட்டரி மாற்ற சிவானி மறுபடியும் வந்தாள். ரஞ்சிதத்தின் டேக்கை மடிக்கணினியோடு இணைத்துப் பார்த்தவள், புருவத்தைச் சுருக்கினாள்.

“ஆன்ட்டி, டாக்டரைப் பார்த்தீங்களா?”

“எதுக்கு?”

“உங்க வாக்கிங் பேட்டர்ன் இன்னும் மோசமா இருக்கே. இங்க பாருங்க, இடது காலை ஊன்றதே இல்ல. முன்னாடியே சிஸ்டம் அலெர்ட் கொடுத்துச்சு. மிஸ்டர் இம்ரான் உங்ககிட்ட கேட்கலையா?”

திரையில் இரண்டு கோடுகள் ஓடின. ஒன்று சீராக ஏறி இறங்கியது. மற்றது தடுக்கித் தடுக்கிப் போனது. ரஞ்சிதம் அதையே வெறித்துப் பார்த்தாள்.

“இது என் நடையையும் பார்க்குமா? மெஷினை நிறுத்தத்தான்னு சொன்னீங்க?”

“அதுக்கும்தான் ஆன்ட்டி. விழுந்துட்டா தெரியணும்ல?”

ஞாயிற்றுக்கிழமை அவள் லிட்டில் இந்தியாவுக்குப் போனாள். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வரவே முடியாத அளவுக்குக் கூட்டம். கடையில் ரபியா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, ஊருக்குப் பணம் அனுப்ப வந்த இளைஞர்களுக்கு முறுக்குப் பாக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரஞ்சிதத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“வா, வா! வழி தெரிஞ்சுதா இப்பவாச்சும்? இங்க ஏர்கான் ஜில்லுன்னு இருக்கு பாரு. நான் ராணி மாதிரி இருக்கேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஆனா அந்தக் கதவு பெட்டியை மட்டும் என் கையால உடைக்கணும் ரஞ்சி. என்னைப் போய் மாட்டிவிட்டுடுச்சே பாவி மெஷினு.”

ரஞ்சிதம் தயாராக வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது. ரபியா பெட்டியைத்தான் சந்தேகிக்கிறாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் போதும், பழைய உறவு அப்படியே திரும்பக் கிடைத்துவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. வெளியே சைக்கிள் மணி அடித்தது. ஒருவர் மல்லிச்சரம் கேட்டுவிட்டு, இங்கே இல்லை என்றதும் போனார்.

“மெஷினு சொல்லல,” என்றாள் ரஞ்சிதம். “அதுக்கு யாருன்னு தெரியாது. நான்தான் சொன்னேன்.”

ரபியா சிரிப்பை நிறுத்தாமலே அவளைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாகத்தான் போனது.

“ஏன்?”

ரஞ்சிதம் சொன்னாள். இம்ரான் கேட்டது, தான் நினைத்துக்கொண்டது, சிவானி காட்டியது, எல்லாவற்றையும். நடுவில் ஒரு வாடிக்கையாளர் பருப்பு கேட்டார். ரபியா நிறுத்துக் கொடுத்து, மீதிச் சில்லறையும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருக்கணும்.”

“மெஷின் மேல கோவப்படுறது சுலபமா இருந்துச்சு ரஞ்சி. இப்ப இந்தக் கோவத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

அழுதால் நன்றாக இருக்காது என்று தோன்றியதால் ரஞ்சிதம் அழாமல் நின்றாள்.

திங்கட்கிழமை அவள் நேராக இம்ரானிடம் போனாள். ரபியாவின் உடம்பு நிலையைச் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை இனித் தனக்கு இல்லை என்று நினைத்தாள். தன்னுடையதைச் சொன்னாள். முழங்கால் வலி தாங்க முடியவில்லை, உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும். “இன்னொண்ணு தம்பி. எங்க நடையை நீங்க பார்க்கிறதா இருந்தா, முதல்ல எங்களுக்குச் சொல்லிட்டுப் பாருங்க.”

இம்ரானுக்கு நிஜமாகவே சங்கடமாகிவிட்டது. “நல்லதுக்குத்தான் கேட்டேன் அக்கா,” என்றான். நடையைப் பார்ப்பதை நிறுத்திவிடச் சொல்வதாக வாக்குக் கொடுத்தான். நிறுத்திவிட்டதாகப் பிறகு அறிவிப்பும் ஒட்டினார்கள். ரஞ்சிதம் அதைப் படித்தாள். நம்பலாமா என்று கேட்க நினைத்தாள். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. அழகர்சாமியிடமும் அவளே சொன்னாள். அவர் கத்திவிட்டு மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

ரபியாவைத் திரும்ப அழைத்துக்கொள்ள இம்ரான் தயாராகத்தான் இருந்தான். அவள் வரவில்லை. தன் வீடு இருக்கும் தெம்பனிஸிலிருந்து கடைக்கு ஒரே ரயில், இதுவே வசதி என்று சொல்லிவிட்டாள்.

ரஞ்சிதம் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறாள். ரபியா கோப்பி வாங்கித் தருகிறாள், பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிறாள். மகள் முனீராவின் நிச்சயதார்த்தம், அடுக்குமாடி பிளாக்கில் லிப்ட் பழுது, வெங்காயம் விலை. தெம்பனிஸில் எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களைத்தான் சொல்கிறாள்.