நடை பார்க்க வந்த கிளார்க்

உத்தமபாளையம் ஐக்கிய கால்பந்து கிளப்புக்கு ஒரு பிரசிடெண்ட், மூன்று வைஸ் பிரசிடெண்ட், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு பந்து இருந்தன. ஆடத் தெரிந்தவன் ஒருவன்தான்: ராயப்பன்பட்டிப் பிலவேந்திரன்.

முப்பத்தேழாம் வருஷம் தை மாதம், அவனைக் கேட்டு குமுளிக்கு மேலிருந்த தேயிலைத் தோட்டத்துக் கிளார்க் பொன்னுராஜ் இறங்கி வந்தார். தோட்டத்துத் துரைக்குக் கால்பந்துப் பைத்தியம். அவனைத் தன் அணிக்கு விட்டால், கிளப்புக்கு வலையோடு இரண்டு கோல் கம்பம். பிலவேந்திரனுக்குக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நிரந்தர வேலை, குடியிருக்க வீடு. விடுவிப்புக் கடிதத்தில் பிரசிடெண்ட் கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்தக் கையெழுத்தில்தான் பிலவேந்திரனின் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது. "வேலைன்னு ஒண்ணு கையில வரட்டும், பொறவு கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கலாம்" என்று அவனுக்குப் பேசியிருந்த ஜெயமேரியின் தகப்பனார் பங்கிராஸ் சொல்லியிருந்தார். பந்து உதைப்பதை அவர் வேலையில் சேர்க்கவில்லை.

பிரசிடெண்ட் சுயம்புலிங்கம் மாட்டுத் தரகில் முன்னுக்கு வந்தவர். முதலில் கேட்ட விலைக்கே மாட்டை அவிழ்த்துவிடும் வழக்கம் அவரிடம் இல்லை.

"எங்க பள்ளத்தாக்கு மானத்தையில்ல கேக்குறீக! நான் என்ன தரகனா?" என்று நெஞ்சில் கை வைத்தார். வைஸ் பிரசிடெண்டுகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுவாரம் பொன்னுராஜ் புதுப் பந்து ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். பிரசிடெண்ட் தோள்துண்டை விரித்து, அதற்கடியில் கிளார்க்கின் விரல்களைப் பிடித்து அழுத்தினார். சந்தைப் பழக்கமில்லாத கிளார்க் பதறிப்போய்க் கையை உருவினார்.

"என்னங்க இது?"

"வெல சொல்றேன்யா." விரலில் சொல்ல முடியாததை வாயால் சொன்னார்: "மேட்ச் பாக்கையில துரை பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி."

துரை அதற்கும் தலையாட்டிவிட்டார். அதுதான் வினையாகிப்போனது. கேட்டதும் கிடைத்துவிட்டதே, குறைத்துக் கேட்டுவிட்டோமோ என்று பிரசிடெண்டுக்கு வயிறு எரிந்தது. கிளார்க் மூன்றாம் முறை வந்தபோது, மாடு வாங்க வந்தவரிடம் சொல்வதுபோல், "வந்தது வந்தீக, நடை பாத்துட்டுப் போங்க" என்றார்.

"நான் போன வருசமே பாத்துட்டேனுங்களே."

"இப்பப் பாத்தா நீங்களே இன்னும் ரெண்டு நாற்காலி போடுவீக."

பிலவேந்திரன் பிரசிடெண்டைத் தனியே அழைத்தான். "அய்யா, முட்டி வீங்கிக் கெடக்கு. பத்து நாள் போனா ஓடிக் காட்டுறேன். இப்பக் கையெழுத்தப் போட்டுருங்க."

"ஏலே, வாங்குறவன் முன்னால நொண்டிப் பேச்சா? ஓடுலே!"

உச்சி வெயிலில் முல்லையாற்றங்கரைத் திடலில் பிலவேந்திரன் பந்தோடு ஓடினான். "ஹை! ஹை!" என்று பிரசிடெண்ட் பின்னாலிருந்து விரட்டினார். மூன்றாம் சுற்றில், திரும்பும்போது, முட்டிக்குள் ஏதோ அறுந்தது. அந்தச் சத்தம் கிளார்க்கின் காதிலேயே விழுந்தது.

கட்டுப்போட்ட வைத்தியர், நடக்கலாம், இனி ஓட முடியாது என்றார். பொன்னுராஜ் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மலையேறிவிட்டார்.

அடுத்த ஞாயிறு கமிட்டி கூடியது. பிலவேந்திரனைக் கட்டிலோடு தூக்கி வந்து நடுவில் போட்டு, மாலை போட்டார்கள். "எவர் வந்து எதைக் கொடுத்தாலும் நமது மாணிக்கத்தை எக்காலத்திலும் விற்பதில்லை" என்று ஏகமனதாகத் தீர்மானமானது. ஸ்டாம்ப் குத்தினார்கள்.

"அய்யா," என்றான் பிலவேந்திரன், "அங்கன ஒரு வாச்சர் வேலையாச்சும் குடுப்பாகளான்னு நீங்க ஒரு லெட்டர்..."

"தீர்மானம் ஆயிருச்சேப்பா. இனி உன்னய விடுறதுக்கு எனக்கே அதிகாரமில்ல."

கைதட்டல் அடங்குமுன், கடைசி வரிசையிலிருந்து பங்கிராஸ் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ராயப்பன்பட்டிச் சாலையில் இறங்கி நடந்தார். "மாமா, ஒரு பேச்சு..." என்று பிலவேந்திரன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். அதற்குமேல் எழ முடியவில்லை.