அமத்துங்க

எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபம்தான் வரும். அன்று பாளையங்கோட்டைக் கடையில் நான் அப்படிக் கத்தியதற்குக் காரணம் அதுதான்.

என் வீட்டுக்காரர் சங்கிலிபூதத்தானுக்குக் காது கேட்காது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் முப்பது வருஷம் நின்று, காதை அங்கேயே விட்டுவிட்டு ஸ்ரீவைகுண்டத்துக்குத் திரும்பியவர். உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். மீதிக்கு மில்லில் பழகிய கைச்சாடை. அங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காதாம். முஷ்டியை மடக்கித் தலைக்கு மேல் தூக்கினால் ‘மிஷினை நிறுத்து’ என்று அர்த்தமாம். என்னையும் பழகச் சொன்னார். நான் என்ன ஊமையா, தெருவில் நின்று கையை ஆட்ட? கத்தியே காலம் தள்ளினேன். தெருவே என் குரலுக்குப் பழகிவிட்டது.

இந்தக் காதை வைத்துக்கொண்டு மரம் அறுக்கப் போகிறாராம். எங்கள் ஓட்டுக்கு மேல் வேம்பின் கொப்பு ஒன்று சாய்ந்து கிடக்கிறது. ஐப்பசி மழைக்குள் வெட்டியாக வேண்டும். வாழைத்தோட்டத்து வேலியிலும் பூவரசு மண்டிவிட்டது. ஆளைக் கூப்பிட்டால் இன்று நாளை என்கிறார்கள். அரிவாள் போதுமே என்றேன். தோளைத் தூக்க முடியவில்லை, பேட்டரி ரம்பம் வாங்குவோம் என்றார். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அவர் கால்தான் தெரிந்தது, ரத்தத்தோடு.

கடைக்காரர் தில்லைநாயகம் அண்ணாச்சி இரண்டு ரம்பங்களை எடுத்து வைத்தார். ஒன்று பெட்ரோலில் ஓடுவது. கயிற்றைப் பிடித்து இழுத்துத்தான் கிளப்ப வேண்டும், அவர் தோளுக்கு ஆகாது. மற்றது பேட்டரி போட்டது. பல் வைத்த செயின் ஓடுகிற அலகு ஓரடி நீளம், கைக்கு அடக்கமான எடை.

“வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இது போதும்க்கா. கொப்பு வெட்டலாம், விறகு துண்டு போடலாம். பெரிய மரத்துக்குத்தான் பெட்ரோல் வேணும். இதுல சத்தமும் ரொம்ப இருக்காது.”

சத்தம் இல்லை என்றதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சத்தம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடை வாசலில் ஒரு தடியை இறுக்கி வைத்திருந்தார்கள், ஓட்டிப் பார்ப்பதற்கு. அண்ணாச்சி இவர் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னார்.

“கட்டைவிரலால இந்தப் பொத்தானை அமத்துங்க. அப்படியே கீழ இருக்க விசையையும் அமத்துங்க. அமத்த அமத்த வேகம் கூடும். விட்டா நின்னுரும்.”

இவர் அமத்தினார். தடி இரண்டாகி விழுந்தது. சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே போன் அடித்தது, அண்ணாச்சி போய்விட்டார்.

இவர் ரம்பத்தைத் தாழ்த்தினார். ஆனால் விரல் விசையை முழுதாக விடவில்லை. செயின் பைய ஓடிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் ரம்பமாக இருந்தால் கையில் அதிர்வு தெரிந்திருக்கும். இது பூனை நடக்கிற மாதிரி ஓடியது. நின்றுவிட்டது என்று நினைத்து, என்னைப் பார்த்தபடியே அதைத் தொடைப்பக்கம் கொண்டுபோனார். வேட்டிக்கும் பல்லுக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தது.

“அமத்துங்க” என்று கத்தினேன்.

விளக்கை அமத்து, அடுப்பை அமத்து என்று தினமும் சொல்கிற வாய் இது. நிறுத்தத்தான் சொன்னேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். சற்று முன் அண்ணாச்சியின் உதட்டில் பார்த்த அதே வார்த்தை. அமத்தினார்.

செயின் சீறியது. வேட்டி ஓரம் கிழிந்து பறந்தது. பாவி நான் மறுபடியும் அதையே கத்துகிறேன். “அமத்துங்க, அமத்துங்க.” இவளுக்கு என்ன ஆயிற்று என்ற முகத்தோடு அவர் இன்னும் அமத்துகிறார். ஓடிப்போய்ப் பிடுங்கலாம் என்றால், இழுபறியில் ரம்பம் காலில் இறங்கிவிடும். அவருக்குப் பெயர் கொடுத்த சாமியையே கூப்பிட வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. குரல் போன பிறகுதான் கை எழுந்தது. முஷ்டியை மடக்கித் தலைக்கு மேல் தூக்கினேன்.

அந்த நொடியே விரலை எடுத்துவிட்டார். செயின் நின்றது.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். தூக்கிய கையை இறக்க மறந்தே போனேன். அண்ணாச்சி ஓடி வந்து பேட்டரியைக் கழற்றினார். வேட்டியை விலக்கிப் பார்த்தேன். முழங்காலுக்கு மேலே தோலில் ஒரு கோடு, மிளகளவு ரத்தம்.

“என்னட்டி, அமத்துன்னு சொன்ன, அமத்துனேன்” என்றார் இவர், ஒன்றும் புரியாமல்.

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது. “பயமா இருந்தா வேண்டாம்க்கா, ஆளை வச்சே வெட்டிக்கிடுங்க.”

“இதையே கட்டுங்க அண்ணாச்சி. பேட்டரிய மட்டும் என் கையில தாங்க. நான் எதிர நிக்காம இது ஓடக்கூடாது.”

பஸ்ஸில் பேட்டரி என் மடியில் இருந்தது. செய்துங்கநல்லூர் தாண்டியதும் அவர் என் கையைத் தொட்டார்.

“இத்தன வருசத்துல இன்னைக்குத்தான்ட்டி நீ சொன்னது எனக்குக் கேட்டுது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பக்கம் திரும்பி, மிச்சச் சாடையையும் சொல்லித்தாருங்கள் என்று கேட்டேன், கத்தாமல்.