இரண்டு மில்லி இறக்கம்

மனித குலத்தின் வீழ்ச்சி லைக் பொத்தானில்தான் தொடங்கியது என்பது அண்ணனின் தீர்ப்பு. தீர்ப்பு என்றே சொல்ல வேண்டும். அபிப்பிராயம் சொல்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். இருபத்துநான்கு வயதாகியும் எந்தச் சமூக வலைத்தளத்திலும் கணக்கு இல்லை. அதை வாங்கிய பட்டத்தைப் போலச் சொல்லிக்கொள்வான். தங்கை அவனை ஜட்ஜ் ஐயா என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் தினமும் பஸ்ஸில் பார்த்த யாராவது ஒருவரைப் போல நடித்து ஒரு நிமிட வீடியோ போடுவாள். போட்டதும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போனைத் திறந்து பார்ப்பாள். "அடுப்புல பால் வச்சவ மாதிரி எட்டி எட்டிப் பாக்குறா பாருங்க," என்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா குடும்பம் வந்திருந்தபோது, அவள் வீடியோவை டிவியில் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று அவளைப் போலவே நடித்துக் காட்டினான்.

"நாப்பத்தோரு லைக்கு! அதுல இருபது கூடப் படிச்சதுங்க, இருபது வேலவெட்டி இல்லாததுங்க."

"மிச்சம் ஒண்ணு?" என்றார் பெரியப்பா.

"அவளேதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

அடுத்த மாதம் அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது அவனிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா போனை அவன் பக்கம் நீட்டினால், "பஸ் வந்துருச்சும்மா" என்று வைத்துவிடுவாள். ஏழு வாரமாக அந்த ஊரில் பஸ்கள் அவ்வளவு ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

எட்டாவது வாரம், கடையில் கூட்டமில்லாத ஒரு மதியத்தில், அவன் ஒரு கணக்கைத் தொடங்கினான். பெயர்: பொதுஜனம். படம்: ஷோகேஸில் கண்ணாடி மாட்டியிருக்கும் மொட்டைத்தலை பொம்மை. ஆராய்ச்சிக்காக என்று தனக்கே விளக்கமும் சொல்லிக்கொண்டான்.

திரையில் தங்கை வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். டிக்கெட்டைத் தொலைத்துவிட்ட ஒரு பெரியவராக, இல்லாத சட்டைப்பைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் மட்டும் அவள் மூக்கின் மேலேயே நின்றது. அவன் கையால் தேய்த்து மாட்டிக்கொடுத்த கண்ணாடி. பொதுஜனம் யோசிக்காமல் எழுதியது: "இடது பக்கம் ரெண்டு மில்லி இறங்கியிருக்கு. கையால வளைக்காத. நோஸ்பேடு மாத்தணும்."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. பொதுஜனம் எதுவும் மில்லிமீட்டரில் பேசுவதில்லை. அழித்துவிடலாம் என்று விரல் போனது. போன இடத்திலேயே நின்றது.

"யாருப்பா அது, ரொம்ப நேரமா?" என்றார் முதலாளி.

"கஸ்டமர் சார். ஃபிட்டிங் சரியில்லையாம்."

டிராயரிலிருந்து ஒரு ஜோடி நோஸ்பேடை எடுத்துச் சின்னக் கவரில் போட்டான். விலாசம் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். மேசைக்கடியில் போனைத் திறந்தான். அவன் வரிக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒரு லென்ஸைத் தேய்த்தான். திறந்தான். ஒன்றுமில்லை. இன்னொரு லென்ஸ். திறந்தான்.

ஓர் இதயம். சிவப்பாக, கடுகளவு. தொட்டுப் பார்த்தான், அவள் பெயர்தான்.

போனைக் கவிழ்த்து வைத்தான். சற்று நேரம் கழித்து, அது இன்னும் இருக்கிறதா என்று திறந்து பார்த்தான்.