சம்பாதிக்கிற உடம்பு

"என் பிள்ளை ரத்தமெல்லாம் குடுக்க மாட்டான். சம்பாதிக்கிற உடம்பு," என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள்.

கட்டிலில் மருமகள் வெளுத்துப்போய்க் கிடந்தாள். கருப்பையில் கட்டி. மாதக்கணக்காக உதிரம் போய், பாத்திரம் தேய்க்கவே சுவரைப் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்த பிறகுதான் கூட்டி வந்தார்கள். அதுவரை வீட்டில் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

ஆஸ்பத்திரிக்குப் பலகை மட்டும்தான் பெரிது. ஆபரேஷனுக்கு ஒரே ஓர் அறை. கையுறைகளைக் கழுவி, வேகவைத்து, மறுபடி மாட்டிக்கொள்வார்கள். ரத்தம் சேமித்து வைக்க வசதியில்லை. வீட்டார் யாராவது கொடுத்தால்தான் டாக்டரம்மா கத்தியைத் தொடுவார். மயக்க மருந்து கொடுப்பவர் வெளியூர்க்காரர். மத்தியான பஸ்ஸில் கிளம்பிவிடுவார். மறுபடி எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது.

"இன்னிக்கு விட்டா இந்த உடம்பு தாங்காதும்மா," என்றார் டாக்டரம்மா. இதையே எத்தனை வீட்டாரிடம் சொல்லிச் சலித்தாரோ, குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "போன வருஷம் உங்க பையனுக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணப்போ இந்தப் பொண்ணுதானே குடுத்துச்சு?"

"பொண்டாட்டி குடுக்காம வேற யாரு குடுப்பா?"

ரத்தம் கொடுத்துவிட்டு அன்று சாயங்காலமே மருமகள் வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் சமைத்துப் போட்டாள். அப்போது அவள் உடம்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. புருஷன் இப்போது சன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அம்மா பேச்சைத் தட்டாதவன் என்று பேர் வாங்கியவன். அந்த நல்ல பேருக்குப் பின்னால் எத்தனை ஆண்கள்தான் ஒளிந்துகொள்கிறார்கள்.

"விட்டுடுங்க டாக்டர்," என்றாள் மருமகள். "அவரு வேலைக்குப் போகணும்."

அதுவரை அண்ணியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த நாத்தனார் எழுந்தாள். நர்ஸின் முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"காலையில எனக்கும் டெஸ்ட் பண்ணீங்கல்ல. சேருதுன்னுதானே சொன்னீங்க. எடுங்கக்கா."

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கல்யாணம் ஆக வேண்டியவடி நீ. பொண்ணு பாக்க வரப்போறாங்க. வெளிறிப்போய் வந்து நின்னா, பொண்ணுக்கு என்ன சீக்குன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்கட்டும். நீயும் அவங்ககிட்ட ஒண்ணு கேளு," என்றாள் மகள். "நாளைக்கு எனக்கு இப்படி ஆனா, அந்த மாப்பிள்ளை ரத்தம் குடுப்பாரான்னு கேளு. அண்ணனைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டே கேளும்மா."

நர்ஸ் அவள் கையில் ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டினாள். டாக்டரம்மா கை கழுவப் போனார்.