வயிற்றில் கட்டிய விளக்கெண்ணெய்

இந்தக் காலத்து ஆட்கள் வீட்டில் இருக்கிற மனிதனிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். வயிறு வலித்தாலும் போன், தூக்கம் வராவிட்டாலும் போன். அதற்குள்ளிருந்து எவளோ ஒருத்தி சிரித்துச் சிரித்துச் சொல்வதை அப்படியே நம்புவார்கள். அவள் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, ஒன்றும் தெரியாது. எதிரில் உட்கார்ந்திருக்கும் நான் சொன்னால் மட்டும், அதெல்லாம் அந்தக் காலம் லா என்று எழுந்து போய்விடுவார்கள். நானும் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. ஆனால் ஆளை நேரில் பார்த்துவிட்டுத்தான் நம்பாமல் இருப்பேன்.

என் பெயர் சின்னையா. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே வயசு போய்விட்டது. கம்பெனிக்காரன் தோட்டத்தை விற்று, வாங்கினவன் செம்பனை நட்ட பிறகு, லூனாஸில் மகன் குணாளன் வீட்டில் இருக்கிறேன். அவனும் மருமகள் உமாராணியும் கூலிம் பக்கம் தொழிற்சாலையில் சிப்டு வேலை. இவன் வரும்போது அவள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பாள். கல்யாணமாகி வருஷங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. நான் வாயைத் திறந்து கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

கொஞ்ச நாளாக உமா கோப்பியைத் தொடவில்லை. நெத்திலி சம்பலைக் கண்டால் தட்டைத் தள்ளினாள். வேலை விட்டு வந்ததும் படுத்துக்கொண்டாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பாசாரில் நல்ல மாங்காயாகப் பொறுக்கி வாங்கி வந்து, அவள் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்தேன். தோட்டத்துக் கூட்டாளி ராமையாவிடம் மட்டும் சொன்னேன். அவன் அன்றைக்குக் கோப்பிக்கடையில் என்னைக் காசு கொடுக்கவிடவில்லை.

மறுநாள் உமாவுக்கு ஓய்வு நாள். மத்தியானம் வீட்டுக்குத் திரும்பினேன். வாசலிலேயே அந்த வாடை மூக்கில் ஏறியது. விளக்கெண்ணெய். ஹாலில் பாய் விரித்து உமா மல்லாந்து கிடந்தாள். வயிற்றின்மேல் எண்ணெய் ஊறிய தடித்த துணி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக், அதற்கு மேலே சுடுதண்ணீர்ப் பை. கண் மூடியிருந்தது.

எங்கள் தோட்டத்தில் விளக்கெண்ணெய் என்றால் இரண்டே காரியம். ஒன்று, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு வயிறு கழுவக் கொடுப்பது. இன்னொன்றைப் பெண்கள் சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள். பிள்ளை போதும் என்று நினைத்தவள் குடிப்பது. எங்கள் லயத்து வரிசையில் இருந்த சிகப்பி அப்படிக் குடித்துவிட்டு இரத்தம் நிற்காமல் கிடந்தாள். ரப்பர்ப் பால் ஏற்றுகிற லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். உயிரோடு திரும்பி வரவில்லை. அந்த வாடையைத்தான் இப்போது என் மகன் வீட்டில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏ புள்ள, என்ன காரியம் பண்ற? வயித்துல உள்ளத என்ன செய்யப் பாக்குற?"

உமா பதறி எழுந்து கைலியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பை உருண்டு தரையில் விழுந்தது. என்னையே பார்த்தாள்.

"வயித்துல என்ன மாமா இருக்கு?"

அப்புறம் அவளே விவரம் சொன்னாள். கோப்பியும் காரமும் வேண்டாம் என்று போன்காரி சொன்னாளாம். எண்ணெய் கட்டுகிறவரைக்கும் அந்தப் பத்தியம்தானாம். கர்ப்பப்பை சுத்தமாகுமாம், பிள்ளை தங்குமாம். பிள்ளை கலைக்கிற எண்ணெயைப் பிள்ளை வேண்டும் என்று கட்டிக்கொண்டு கிடக்கிறாள்.

டாக்டரிடம் போகக்கூடாதா என்று கேட்டேன்.

"போயிட்டு வந்துட்டேன் மாமா. எனக்கு ஒண்ணும் கொறை இல்லையாம். வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. இவரு வரமாட்டேங்கறாரு. அந்த வாரமே இந்த எண்ணெயும் துணியும் ஆர்டர் பண்ணி வாங்கிக் குடுத்துட்டாரு."

போன்காரியைவிட இதுதான் எனக்குப் பெரிய அடி. என் மகன்.

"அப்ப நீ எதுக்குக் கட்டிக்கிட்டுக் கெடக்க?"

"கட்டலன்னா நான் முயற்சியே பண்ணலன்னு ஆயிரும்ல." தரையில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு, "சூடு நல்லாத்தான் இருக்கு மாமா. இத வச்சிப் படுத்தாத்தான் ஒருத்தரும் கூப்பிடமாட்டேங்கறீங்க" என்றாள்.

சாயங்காலம் குணாளன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டேன். சப்பாத்தைக்கூடக் கழற்றவிடவில்லை. அவனுக்குக் கோபம் வரவில்லை. விளங்காத கிழவனுக்கு விளக்குவது மாதிரி பேசினான்.

"ப்பா, இது இயற்கை லா. பழைய ஆளுங்க செஞ்சதுதானே?"

"பழைய ஆளு நான்தான்டா. நாங்க எதுக்குச் செஞ்சோம்னு தெரியுமா?"

சிகப்பியைப் பற்றிச் சொன்னேன். உமா அடுப்பை அணைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. குணாளனின் முகம் வெளுத்துவிட்டது. அது குடிப்பது, இது வெளியில்தானே கட்டுவது என்று முனகினான்.

"அவளுக்குக் கொறை இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்ப அந்தத் துணிய நீ கட்டுடா. நீ படு பாயில."

உமா சிரித்துவிட்டாள். சிரித்தவள் உடனே திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். அதை அவனும் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவன் மாதிரி நின்றான். அப்புறம், அடுத்த வாரம் சிப்டு மாறும், கிளினிக் போகிறேன் என்று மெதுவாகச் சொன்னான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை பாக்கெட்டில் இருந்த போனைத் தடவியது.

உமா பாயைச் சுருட்டினாள். ஆனால் எண்ணெய்ப் போத்தலை வீசவில்லை. மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தாள். இடுப்பு வலிக்கு ஆகும் என்றாள்.

நான் சிலிப்பரை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் கிளம்பினேன். ராமையாவிடம் சொன்னதை இல்லை என்று சொல்ல வேண்டும்.

"ப்பா, போறேன்னு சொல்றேன்ல. நம்பலியா?" என்று பின்னாலிருந்து கேட்டான்.

"போயிட்டு வந்து கேளு" என்றேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அந்த எண்ணெயையும் நம்பவில்லை, அவனையும் நம்பவில்லை.